கீழே எழுதும் சின்ன இரண்டு

பாட்டிலில் சீட்டு ஒட்ட நான் சோற்றுக் கஞ்சியைத்தான் பயன்படுத்துவேன். கடையில் விற்கிற பசை எங்கள் ஊர் ஈரத்துக்கு ஆறு மாதம்கூடத் தாங்காது. ஓரம் சுருண்டு, ஒருநாள் சீட்டு தரையில் கிடக்கும். அதன்பிறகு உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கும் தெரியாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, தம்பி. நேற்றுக் காலையிலிருந்து என் தங்கை லாயை அடுத்த அறையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவள் கணவன் சாங் இறந்து இன்றோடு ஒன்பது நாள். அவன் குடித்த சாராய ஜாடியில் அந்த பாட்டிலைக் கவிழ்த்தவள் அவள்தான். அதை அவளே சொல்லியிருப்பாள், அவளுக்குப் பொய் வராது. பாட்டிலின் சீட்டில் C₂H₅OH என்று இருக்கிறது, அதாவது எத்தனால். உள்ளே இருந்தது மெத்தனால் என்று உங்கள் பரிசோதனை சொல்கிறது. சீட்டில் இருப்பது லாயின் கையெழுத்து என்று நீங்கள் முடிவுகட்டியிருப்பதாக வாசலில் நின்ற காவலர் சொன்னார். அது தவறு. திருத்தத்தான் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஹுவே. வயது நாற்பத்தாறு. இந்த சா டெக் ஊரின் மேல்நிலைப் பள்ளியில், வேதியியல் ஆய்வகத்துக்கு இருபத்துநான்கு வருடமாக நான்தான் பொறுப்பு. நீங்களும் அங்கே படித்ததாகச் சொன்னீர்கள். உங்களை எனக்கு நினைவில்லை, மன்னிக்க வேண்டும். கண்ணாடிச் சாமானை உடைத்தவர்களைத்தான் எனக்கு நினைவிருக்கும்.

நீங்கள் படித்த காலத்தில் சேர்மங்களுக்கெல்லாம் நம் நாக்குக்கு ஏற்றபடி வளைத்த பெயர்கள் இருந்தன. உப்பை நாட்ரி குளோருவா என்று எழுதியிருப்பீர்கள். அதற்கு முந்தின தலைமுறை, ஆல்ககால் வகை முழுவதையுமே சாராயம் என்று எழுதியது. பிறகு அதை மாற்றினார்கள். சில வருடங்களுக்கு முன்பு புதுப் பாடத்திட்டம் வந்தபோது மறுபடியும் மாற்றி, உலகம் முழுக்க வழங்குகிற பெயரையே எழுத வேண்டும் என்றார்கள். நாட்ரி குளோருவா போய் சோடியம் குளோரைடு வந்தது. முப்பது வருடம் பாடம் நடத்தியவர்கள் கரும்பலகை முன்னால் நின்று திக்கினார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, ஆய்வகத்தின் முந்நூற்றுச் சொச்சம் பாட்டிலுக்கும் புதுச் சீட்டு எழுதச் சொன்னார்.

நான் எழுதி முடித்ததும் வந்து பார்த்தார். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பேரே காணோமே, ஹுவே?”

“எந்தப் பேரை எழுதறது மேடம்? பத்து வருஷம் கழிச்சு இன்னொரு பேர் வரும். ஃபார்முலா மாறாது.”

“பசங்க படிச்சுடுவாங்களா?”

“படிக்க வேண்டியது அவங்க வேலை.”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வாய்பாடு மட்டும் எழுதுகிற வழக்கம் அப்படித்தான் பள்ளியில் வந்தது. பெயர் என்பது யாரோ வைப்பது. வாய்பாடு என்பது அந்தப் பொருளே தன்னைப் பற்றிச் சொல்வது. எத்தனை கார்பன், எத்தனை ஹைட்ரஜன், எது எதோடு சேர்ந்திருக்கிறது, எல்லாம் அதில் இருக்கிறது. மனிதர்களைப் பற்றியும் அப்படி ஒரு வரி எழுத முடிந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

எங்கள் வீட்டுச் சமையலறையில் இந்த வழக்கம் அதற்கும் வெகுநாள் முன்பே உண்டு. அம்மா இறந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, லாய்க்கு நான்கு. அப்பா அதற்கு முந்தின வருடமே போய்விட்டார். நான் ஆய்வக வேலைக்குப் படித்துக்கொண்டே அவளை வளர்த்தேன். என் பாடத்தையும் அவள் பாடத்தையும் சேர்த்துப் படிக்க ஒரு வழி செய்தேன். உப்பு ஜாடியில் NaCl, சர்க்கரை ஜாடியில் C₁₂H₂₂O₁₁, சோடா உப்பில் NaHCO₃, காடி பாட்டிலில் CH₃COOH, சுண்ணாம்புப் பானையில் Ca(OH)₂. எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பே அவள் ஜாடிகளைப் படித்தாள். சரியாகப் படித்துவிட்டால் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். நான் தலையாட்டுவேன். என் எழுத்தைப் பார்த்து எழுதித்தான் எழுதவே பழகினாள். எங்கள் இருவர் கையெழுத்தும் ஒன்றுபோல இருப்பது அதனால்தான். நீங்கள் குழம்பியதில் உங்கள் பிழை எதுவும் இல்லை.

எனக்கு வரன்கள் வந்தன. லாயை என்ன செய்வது என்று கேட்டேன். வந்தவர்கள் எழுந்து போனார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

அவள் படித்து, கடைத்தெரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் சாங்கைப் பார்த்தாள். அவன் பூத்தோட்டக்காரன். ரோஜா முள் குத்திச் சீழ் வைத்த விரலோடு வந்தவன், விரல் ஆறிய பிறகும் வாரம் ஒரு பேண்டேஜ் வாங்கிப் போனானாம். அவன் வீடு தெற்கே தூரத்தில், அண்ணன் தம்பிகள் ஆறு பேர், படுக்க இடமில்லாத வீடு. அதனால் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். நான்தான் வரச் சொன்னேன்.

அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். சத்தமாகச் சிரிப்பான், சாப்பிட்ட கிண்ணத்தைக் கழுவி வைப்பான், நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தான். அவனால் முடியாத ஒன்று ஜாடிகளைப் படிப்பது. வந்த முதல் வாரமே காப்பியில் சர்க்கரை என்று சோடா உப்பைப் போட்டுவிட்டான்.

“லாய், இங்க வந்து பாரு. உங்க வீட்டுக் காப்பி என்னைப் பார்த்து நுரை தள்ளுது.”

“ஜாடியிலதான் எழுதியிருக்கே.”

“எழுதியிருக்கு. எனக்கா எழுதியிருக்கு? உங்க வீட்ல உப்பு வேணும்னாக்கூடப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணணும் போல இருக்கே, அக்கா.”

“ஒன்பதாங் கிளாஸ்ல என்ன பண்ணிக்கிட்டிருந்தே?” என்று நான் கேட்டேன்.

“மீன் பிடிச்சிக்கிட்டிருந்தேன். மீன் மேல யாரும் எழுதி ஒட்டலை. பார்த்தாலே தெரியும்.”

அதற்குப் பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பான். அவனுடைய வேதியியல் முழுவதும் அந்த நாக்கில்தான் இருந்தது. ஒருமுறை சுண்ணாம்பைத் தொட்டு வைத்துவிட்டு மூன்று நாள் கஞ்சி மட்டும் குடித்தான். லாய் அழுதுவிட்டாள். அவனோ வெந்த நாக்கை நீட்டிக் காட்டி, “இதுக்கு என்ன ஃபார்முலா, டாக்டரம்மா?” என்று அவளைச் சிரிக்க வைத்தான்.

இன்னொரு நாள் தோட்டத்துக்கு மயில்துத்தம் வாங்கி வந்தான். செடியில் பூசணம் பிடித்தால் அடிப்பதற்கு. நீல நிறக் கற்களை மேசையில் கொட்டிவிட்டு, இதற்கு எழுதிக் காட்டுங்கள் என்றான். CuSO₄·5H₂O என்று எழுதினேன்.

“நடுவுல என்னக்கா புள்ளி? பேனாவை உதறிட்டீங்களா?”

“அதுக்கப்புறம் வர்றது தண்ணி. ஒட்டிக்கிட்டு இருக்கும். சூடு காட்டினா போயிடும்.”

“ஓஹோ. அப்ப இந்த வீட்ல நான்தான் அந்த அஞ்சு தண்ணி. நீங்களும் இவளும் உப்பு. நான் புள்ளி வெச்சு ஒட்டிக்கிட்டவன்.”

லாய் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். நானும் சிரித்தேன். சின்னதாகச் சொன்னாலும் சரியாகச் சொல்லியிருக்கிறான் என்று தோன்றியது. சோறு வடித்துக்கொண்டிருந்தபோதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் புத்தாண்டு முடிந்த கையோடு, ஒருநாள் மதியச் சாப்பாட்டில் இருவரும் விஷயத்தைச் சொன்னார்கள். லாய்க்கு இரண்டு மாதம். சாங்குக்கு மலை மேல் தா லாத்தில் வேலை.

“கண்ணாடிப் பந்தல் போட்ட பண்ணைக்கா. மேற்பார்வை வேலை. வீடும் தர்றாங்க,” என்றான் சாங்.

“லாய் வேலை?”

“அங்கயும் மருந்துக்கடை இருக்கே.”

“பிரசவம்?”

“அங்கயும் ஆஸ்பத்திரி இருக்குக்கா,” என்றாள் லாய், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. “நீங்க லீவுல வாங்க.”

லீவில் வாங்க என்பது உறவுக்காரர்களிடம் சொல்வது. அவள் அதை நல்ல மனதோடுதான் சொன்னாள். அப்பாவின் நினைவு நாள் விருந்து முடிந்த மறுவாரம் கிளம்புவதாகத் தேதியும் குறித்திருந்தார்கள். நான் மீனின் கன்னத்துச் சதையைப் பிரித்து அவள் கிண்ணத்தில் வைத்தேன். அந்தத் துண்டு அவளுக்கு நான்கு வயதிலிருந்தே பிடிக்கும்.

கோபப்பட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இனி பாட்டில். பெயர்கள் மாறியபோது, பழைய சரக்கில் பலவற்றைக் கழித்துக்கட்டச் சொன்னார்கள். அதில் மெத்தனால் ஒரு பாட்டிலும் எத்தனால் ஒரு பாட்டிலும் திறக்காமலே இருந்தன. எறிய மனம் வரவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மெத்தனால் பின்னால் மறையும்படி வைத்தேன். கொள்ளைநோய்க் காலத்தில் எங்கள் தெரு முழுக்கக் கை துடைக்க ஸ்பிரிட் கொடுத்தவள் நான். அதிலிருந்து யாருக்கு ஸ்பிரிட் வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். சாங் வருடா வருடம் விதை வாழைப்பழத்தைக் காயவைத்து அரிசிச் சாராயத்தில் ஊறப்போடுவான். அப்பாவின் நினைவு நாளில் ஆண்கள் அதைக் குடிப்பார்கள். போன வருடம் சாராயம் சப்பென்று இருக்கிறதென்று என்னிடம் கொஞ்சம் எத்தனால் வாங்கி ஊற்றினான். எல்லாரும் புகழ்ந்தார்கள்.

இந்த வருடமும் கேட்டான். விருந்து ஞாயிற்றுக்கிழமை. அவன் கேட்டது வியாழக்கிழமை, மாலை நான்கரை மணி.

“போன வருஷம் மாதிரி கொஞ்சம் ஸ்பிரிட் கிடைக்குமாக்கா? இங்க இதுதான் என் கடைசி விருந்து. நான் போனதுக்கப்புறம் ஊரே என் ஜாடியை நினைச்சு அழணும்.”

“மேல்தட்டுல ரெண்டு பாட்டில் இருக்கு. பார்த்து எடுத்துக்கோ,” என்றேன்.

அந்த நேரத்தில் இரண்டு பாட்டிலிலும் சீட்டு சரியாக இருந்தது. ஒன்றில் C₂H₅OH, மற்றதில் CH₃OH, அதாவது மெத்தனால். அவனால் இரண்டையும் படிக்க முடியாது. முகர்ந்தால் இரண்டும் ஸ்பிரிட். முன்னால் இருந்தது CH₃OH. எல்லாரும் முன்னால் இருப்பதைத்தான் எடுப்பார்கள். எத்தனாலை நான் பின்னுக்குத் தள்ளி வைத்தது புதன்கிழமை.

நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தச் சரக்கு முதலில் கண்ணைத்தான் பிடிக்கும் என்று ஆய்வகச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். கண் போனால் பண்ணையில் மேற்பார்வை வேலை கிடையாது. தா லாத் கிடையாது. வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று கையைப் பிடித்துக் காட்டிப் பழக்கியிருப்பேன். லாய் வேலைக்குப் போய் வரலாம். குழந்தையை நான் பார்த்துக்கொள்வேன். சாங் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைக்குக் கதை சொல்லலாம், அவனுக்குக் கதை நன்றாக வரும். யாரையும் விலக்கவில்லை. எல்லாருக்கும் ஓர் இடம் யோசித்து வைத்திருந்தேன்.

ஆனால் சாங் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“வேண்டாம்க்கா. சுண்ணாம்பு நக்கினதே போதும். அப்பன் ஆகப் போறவன் இனிமே எதையும் நக்கிப் பார்க்கக் கூடாதுன்னு இவ சத்தியம் வாங்கிட்டா. லாய் வந்து படிச்சு எடுத்துக் குடுக்கட்டும்.”

அவள் கடை முடிந்து ஆறு மணிக்கு வருவாள். சாங் குளிக்கப் போனான், பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனான். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

லாய் வந்தாள். நான் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் முக்காலியில் ஏறி பாட்டிலை எடுத்து, சீட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். சின்ன வயதில் படித்தது போலவே வாய்விட்டுப் படித்தாள். “ரெண்டு கார்பன். சரி.” என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் தலையாட்டினேன். அவள் ஜாடியின் மூடியைத் திறந்து ஊற்றினாள்.

சனிக்கிழமை மதியம் சாங் ஜாடியைத் திறந்தான். ஊறப்போட்டவன் முதலில் குடித்துப் பார்ப்பதுதான் முறை. அவன் தனியாகக் குடிப்பான் என்று நான் நினைத்திருந்தேன். அடுத்த வீட்டு மூய் மாமா வாசனை பிடித்து வேலியைத் தாண்டி வந்துவிட்டார். நம் பக்கம் ஆளுக்கொரு கோப்பை வைப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். ஒரே கோப்பை கைமாறிச் சுற்றி வரும். ஆண்கள் உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை, அதனால் அந்தக் கோப்பை என் யோசனையில் வரவே இல்லை.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, உள்ள,” என்று கோப்பையைக் காலிசெய்யும் மாமாவின் குரல் கேட்டது. “ஏன்டா, தா லாத் குளிருக்கு உன் பொண்டாட்டி உன்னைக் கட்டிப்பாளா, கம்பளியைக் கட்டிப்பாளா?”

“கம்பளிக்குக் கை இல்லையே, மாமா.”

“உனக்கு ரெண்டு கை இருந்து என்ன புண்ணியம்? ஒரு கையில எப்பவும் கோப்பை.”

“அதனாலதான் உங்ககிட்ட குடுக்கறேன். பிடிங்க.”

மாமாவை அவர் மனைவி நான்காவது சுற்றில் வந்து இழுத்துப் போய்விட்டார். அதனால் அவர் பிழைத்தார். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், இடது கண்ணில் அதுவும் இல்லை. இரண்டு முறை சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் விஷயத்தில் நான் செய்தது கவனக்குறைவு. ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை சாங் எழுந்திருக்கவில்லை. தலைவலி, வாந்தி. நான் அப்பாவின் படத்துக்கு முன்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இளநீரில் வேகவைத்த பன்றிக்கறியும் முட்டையும், புளிப்பு மீன் குழம்பும், பாகற்காய்ச் சூப்பும். சாங்கின் ஜாடியை எடுத்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, விருந்துக்கு வருகிறவர்களுக்கு பீர் வாங்கி வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குத் தீங்கு வரக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

அறைக்குள்ளிருந்து அவன் கூப்பிட்டான்.

“அக்கா, வெளியில பனி இறங்குதா? எல்லாம் வெள்ளையா இருக்கு. நாங்க போறதுக்குள்ள தா லாத்தே இங்க வந்துடுச்சா?”

லாய் என்னிடம் ஓடி வந்தாள். “அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிடலாமா?”

“குடிச்ச தலை. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடு, படுக்கட்டும். ஜனங்க வர்ற நேரம்.”

அவள் கேட்டுக்கொண்டாள். எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதில் அவள் என்னைத்தான் கேட்பாள். எப்போதும் அப்படித்தான். பதினொரு மணிக்கு உறவினர்கள் வந்தார்கள். ஊதுவத்தி ஏற்றினோம். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களிடம், நேற்றே விருந்தை முடித்துவிட்டான் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு முறை அறைக்குப் போய் அவன் முகத்துக்கு முன்னால் கையை அசைத்துப் பார்த்தேன். முதல் முறை கண் கொஞ்சம் தொடர்ந்து வந்தது. இரண்டாவது முறை வரவில்லை. அப்போதே கூட்டிப் போயிருக்கலாம். திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். திரும்பி வருவது என்று நான் சொல்வது அவன் பார்வையை.

இரண்டு மணிக்கு அவன் மூச்சு மாறியது. லாய் போட்ட சத்தத்தில் விருந்தாளிகள் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் கேட்டார், “பார்வை மங்குதுன்னு சொன்ன உடனே ஏன் கூட்டிட்டு வரலை?” லாய் என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். திங்கள் காலை ஏழு மணிக்கு முடிந்துவிட்டது.

மயில்துத்தத்தைச் சூடுபடுத்தும் சோதனை உங்களுக்கு நினைவிருக்கலாம். தண்ணீர் மட்டும் போவதில்லை, நீலமும் போய்விடும். குழாயின் அடியில் மிஞ்சுவது வெள்ளைப் பொடி. வருடா வருடம் அதற்குச் சாமான் எடுத்து வைத்தவள் நான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த லாயைப் பார்த்தபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. அவள் அழவில்லை. சோறு கொடுத்தால் வாயை மூடிக்கொண்டாள். நான் ஊட்டினால் ஒரு வாய் வாங்கினாள். பிறகு அதுவும் இல்லை.

இனி அந்த ஒன்றரை மணி நேரம்.

சாங் தோட்டத்துக்குப் போனதும் அலமாரியைத் திறந்தேன். லாய் படிக்காமல் எந்த பாட்டிலையும் தொடமாட்டாள். CH₃OH என்பதைப் பார்த்த உடனே, அக்கா இதை ஏன் வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, எடுத்துப் பூட்டி வைத்திருப்பாள். நான் அப்படித்தான் வளர்த்தேன். எத்தனால் பாட்டிலை எடுத்துத் துணி மூட்டைக்குள் வைத்தேன். மெத்தனால் பாட்டிலைச் சுடுதண்ணீரில் நிற்கவைத்து, என் சீட்டை உரித்தேன். கஞ்சியால் ஒட்டியது நல்லபடியாக உரிந்து வராது, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. பிறகு வெள்ளைத்தாளில் ஒரு சீட்டு நறுக்கி C₂H₅OH என்று எழுதினேன். மதியச் சோற்றின் கஞ்சி சட்டியில் மிச்சம் இருந்தது. ஒட்டிவிட்டு மின்விசிறிக்கு முன்னால் வைத்தேன். லாய் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு மேல்தட்டில் திருப்பி வைத்தபோது ஓரம் மட்டும் லேசாக ஈரமாக இருந்தது. அவள் கவனிக்கவில்லை.

அந்தச் சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். C-க்குப் பக்கத்தில் கீழே எழுதும் சின்ன இரண்டைப் பாருங்கள். லாய் எழுதினால் அதன் அடியில் ஒரு சுழி இருக்கும். எத்தனை முறை திருத்தியும் அந்தச் சுழியை அவள் விடவில்லை. என் இரண்டு நேர்க்கோட்டில் முடியும். மருந்துக்கடைச் சீட்டுகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பாட்டிலில் இருக்கும் இரண்டு என்னுடையது.

இருபத்துநான்கு வருடத்தில் நான் தவறாக எழுதிய ஒரே வாய்பாடு அது. சாங்கை ஏமாற்ற அதை எழுதவில்லை. அவனை ஏமாற்ற எழுத்தே தேவையில்லை. லாய் படிப்பாள், நம்புவாள் என்று தெரிந்துதான் எழுதினேன். மெத்தனாலைக் கொடுத்தது நான். ஊற்றிய கை மட்டும்தான் அவளுடையது. இவ்வளவுதான் என் வாக்குமூலம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். போட்டபிறகு அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அக்காவைப் பார்க்க விடாதீர்கள் என்று அவள் உங்களிடம் கேட்டுக்கொண்டதாகச் சொன்னீர்கள். அது களைப்பில் சொன்னது. ஐந்து மாத வயிற்றோடு இரண்டு நாளாக மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்கு ஒரு தலையணைகூடக் கேட்கத் தெரியாதவள். பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, அதற்குள் எல்லாம் சரியாகிவிடும். சாயங்காலத்துக்குள் என்னையும் விட்டுவிட்டீர்களானால் சந்தையில் ஒரு மீன் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவேன். அவளை இப்படித் தனியாக விட முடியாது, தம்பி. இனிமேல் அவளுக்கு என்னைவிட்டால் யாரும் இல்லை.